பூட்டுத் தொழில் கற்கப் பழைய பெட்டி போதும்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் பாலக்காட்டில் என் வீட்டுக்கு வந்தார். மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. காப்பி குடித்து முடித்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு வண்ணத்தாளை எடுத்து நீட்டினார். ஆறு மாதப் படிப்பு, கணிப்பொறிப் பாதுகாப்பில் நூற்றுக்கு நூறு வேலை உத்தரவாதம், கட்டணம் இரண்டு லட்சம் ரூபாய்.

"பையன் பிளஸ் டூ முடிச்சிட்டான் சார். எனக்கு அடுத்த மாசம் பணிக்கொடை வருது. கட்டிடலாமா?"

முப்பது வருடம் மழையிலும் அட்டைக்கடியிலும் உழைத்துச் சேர்த்த பணம். "கட்டாதீங்க தம்பி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை நம் சங்கக் குடும்பங்கள் அனைத்துக்கும் சொல்ல விரும்பியே இதை எழுதுகிறேன்.

பாதுகாப்பு என்றால் என்ன?

நான் டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் சேர்ந்து, அதிலேயே ஓய்வு பெற்றவன். கணிப்பொறி மேதை அல்ல. ஆனால் பூட்டுவதும் சரிபார்ப்பதுமே என் தொழிலாக இருந்தது.

அந்நாளில் ஒற்றைப் பாதைகளில் டோக்கன் பந்து முறை இருந்தது. இரண்டு நிலையங்களுக்கு நடுவே வண்டி போக வேண்டுமானால், டிரைவர் கையில் அந்த இரும்புப் பந்து இருக்க வேண்டும். ஒரு பந்து கருவியிலிருந்து வெளியே வந்துவிட்டால் இரு நிலையக் கருவிகளும் பூட்டிக்கொள்ளும். அது உரிய இடத்தில் திரும்ப உள்ளே போகும் வரை அடுத்த பந்து வராது. சிக்னல் கம்பி அறுந்தால் கை தானாகவே ஆபத்து நிலைக்குத் திரும்பும். எது பழுதானாலும் வண்டி நிற்க வேண்டும், ஓடக்கூடாது. இதுதான் எங்கள் வேதம்.

இத்தனையும் தெரிந்த நானே ஏமாந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓய்வூதியர்களுக்கான ஆயுள் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு போன் வந்தது. என் பெயர், ஓய்வு பெற்ற வருடம் எல்லாம் சரியாகச் சொன்னார்கள். போனில் வந்த ஓ.டி.பி. எண்ணைப் படித்துக் காட்டினேன். ரூ. 18,000 போய்விட்டது. டோக்கன் பந்தை முகம் தெரியாதவன் கையில் கொடுத்தது போலத்தான் இது! ஓ.டி.பி. கேட்டு யார் பேசினாலும் உடனே போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனடியாக 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு. நான் மறுநாள் அழைத்தேன். பயனில்லை.

எழுபத்தைந்து சென்ட் கணக்கு

இத்தொழிலுக்கு எப்படிப்பட்டவர் தேவை என்று கேட்டால், நான் சொல்வது ஓர் உண்மைக் கதை. 1986-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியல் விஞ்ஞானிக்குக் கணிப்பொறிக் கணக்கில் எழுபத்தைந்து சென்ட் இடிக்கிறது, பார் என்று வேலை கொடுத்தார்கள். மற்றவராக இருந்தால் "சில்லறைதானே" என்று விட்டிருப்பார். ஸ்டோல் விடவில்லை. பிரிண்டர்களை மாட்டி, யாரோ உள்ளே வந்து அடிக்கும் ஒவ்வோர் எழுத்தையும் தாளில் பதிவு செய்தார். மாதக்கணக்கில் தொடர்ந்தபோது, ஜெர்மனியின் ஹானோவர் நகரிலிருந்து ஒருவர் அமெரிக்க ராணுவக் கணிப்பொறிகளைத் துழாவிக்கொண்டிருந்தது வெளிப்பட்டது.

அந்த ஆய்வகத்தில் ஓடியவற்றில் வாக்ஸ் என்ற இனத்துக் கணிப்பொறிகளும் உண்டு. நம் ரயில்வேயில் 1980-களின் நடுவில் டில்லியில் தொடங்கிய கணிப்பொறி முன்பதிவும் வாக்ஸ் இயந்திரத்தில்தான் ஓடியது. ஸ்டோலிடம் பாதுகாப்புப் படிப்புக்கான சான்றிதழ் எதுவும் இல்லை. கணக்கு இடித்தால் தூக்கம் வராத குணம் இருந்தது.

இன்று தேவை பல மடங்கு கூடியிருக்கிறது. 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் தாக்கப்பட்டு, பல நாட்கள் எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டி வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், தாக்குதல் தெரிய வந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆகவே இரவு பகலாகப் பதிவேட்டைக் கண்காணிப்பவர், பூட்டைச் சோதிப்பவர், தடயம் எடுப்பவர், தணிக்கை செய்பவர் என்று பல வேலைகள் உண்டு. ஆனால் ஆறு மாதத் தாள் ஒன்றைக் காட்டி மட்டும் இந்த வேலைகளுக்குள் நுழைவது கடினம்.

பரண்மேல் இருக்கும் பள்ளிக்கூடம்

நண்பரின் மகனை அடுத்த வாரம் வரச் சொன்னேன். பரண்மேல் கிடந்த என் பத்து வயதுக் கணிப்பொறியைக் கொடுத்தேன். விண்டோஸ் 10-க்கு இலவசப் பராமரிப்பு 2025 அக்டோபரில் முடிந்ததால், இத்தகைய பெட்டிகளைப் பலர் தூக்கி எறிகிறார்கள். அதில் லினக்ஸ் ஏற்றினால் இன்னும் பல வருடம் உழைக்கும். கேரளப் பள்ளிகளில் படித்த நம் பிள்ளைகளுக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. கைட் நிறுவனம் பள்ளிகளுக்குத் தருவது அதுவே. தமிழ்வழி மாணவர்களுக்குக் கணிப்பொறிப் பாடநூல் தமிழிலேயே இருக்கிறது.

பையனுக்கு நான் வைத்த பாடம் இவ்வளவுதான்: லினக்ஸை நீயே ஏற்று. கெடுத்துவிட்டு மறுபடி ஏற்று. யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவேட்டைத் தினமும் படி. இரண்டு பெட்டிகளைக் கம்பியால் இணைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் செய்தியை ஒயர்ஷார்க் என்ற இலவச நிரலில் பார். சோதனை எல்லாம் சொந்தப் பெட்டியில் மட்டும். பிறர் கணிப்பொறியில் அனுமதியின்றி நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை.

இன்னும் பழைய இயந்திரங்களும் நல்ல ஆசான்களே. 1984-ல் மத்திய அரசு பள்ளிகளுக்குத் தந்த பி.பி.சி. மைக்ரோவின் நினைவகம் 32 கிலோபைட் மட்டுமே. அதன் முழு அமைப்பையும் ஒருவர் மனத்தில் பிடித்துவிடலாம். அந்தப் பெட்டி கிடைக்காவிட்டாலும், அதைப் போலவே நடிக்கும் இலவச நிரல்கள் இருக்கின்றன. வாக்ஸுக்கும் உண்டு.

பெற்றோர் கவனத்துக்கு

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் அரசுப் பாலிடெக்னிக்குகள் உள்ளன. முதலில் அங்கே கணிப்பொறியோ எலெக்ட்ரானிக்ஸோ ஒழுங்காகப் படிக்கட்டும். பட்டம் பெற்ற பின் பாதுகாப்புப் பிரிவில் சேர, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சி-கேட் நுழைவுத்தேர்வு நடத்துகிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பிக்கோ சி.டி.எஃப். என்ற பயிற்சிப் போட்டி பள்ளி மாணவர்களுக்காகவே உள்ளது, கட்டணம் இல்லை. இப்படிப்பட்ட போட்டிகளில் நம் பக்கத்திலேயே கொல்லம் மாவட்டத்து அமிர்தபுரி மாணவர்களின் பயாஸ் குழு உலக அளவில் பெயர் எடுத்திருக்கிறது.

எந்தப் படிப்பானாலும் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். சான்றிதழ் தருவது யார்? சென்ற ஆண்டு படித்தவர் இருவரிடம் பேச முடியுமா? "வேலை உத்தரவாதம்" என்பதை எழுத்தில் தருவார்களா? என் நண்பர் போன் செய்து மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் எதிர்முனையில் பேச்சு மாறியதாம்.

பணிக்கொடை இப்போது வங்கியில் பத்திரமாக இருக்கிறது. பையன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். "வேலை கிடைச்சிடுமா சார்?" என்று நண்பர் இன்னும் கேட்கிறார். நானும் உத்தரவாதம் தருவதில்லை. ஆனால் போன வாரம் பையன் போனில், "சார், பதிவேட்டில் ஒரு வரி இடிக்குது, ரெண்டு நாளா தேடுறேன்" என்றான். எனக்கு அது போதும்.

உங்கள் பரணில் பழைய பெட்டி இருந்தால் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். வட்டில் இருக்கும் வங்கி விவரம், படம் எல்லாவற்றையும் முழுதாக அழித்துவிட்டு, சங்கத்தில் கொண்டுவந்து கொடுங்கள். மூணாறிலும் கொழிஞ்சாம்பாறையிலும் அதைத் திறந்து பார்க்கத் துடிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.