மெரெட்செகர்: எகிப்திய நாகத்தெய்வமும் கைவினைஞர் வழிபாடும்

முன்னுரை

பண்டைய எகிப்தில் நாகம் அரச அதிகாரத்தின் சின்னமாக விளங்கியது. நைல் கழிமுகத்துப் புட்டோ நகரின் நாகத்தெய்வமாகிய வாஜெட், மன்னரின் முடியில் படமெடுத்த நிலையில் அமர்ந்து அவரைக் காப்பவளாகக் கருதப்பட்டாள். மெரெட்செகரோ உழைக்கும் மக்களின் அன்றாட வாழ்வோடு பிணைந்த நாகத்தெய்வம் ஆவாள். அவளது வழிபாட்டில் தண்டனையும் மன்னிப்பும் இணைந்து நிற்கும் தன்மையை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் இடமும்

மெரெட்செகர் என்னும் பெயர் 'அமைதியை விரும்புபவள்' எனப் பொருள்படும். நைலின் மேற்குக் கரையில், தீப்ஸ் நகருக்கு எதிரே, அல்-குர்ன் என்னும் மலைமுகடு கூம்பு வடிவில் எழுந்து நிற்கிறது. அதன் அடியில் மன்னர்களின் கல்லறைகள் குடையப்பட்ட பள்ளத்தாக்கு உள்ளது. இறந்தோர் துயிலும் இடத்தைக் காக்கும் தெய்வத்திற்கு இப்பெயர் பொருந்துவதாகும். 'மேற்கின் முகடு' என்றும் அவள் அழைக்கப்பட்டாள். மலையும் தெய்வமும் ஒன்றாகவே எண்ணப்பட்டமையை இது காட்டுகிறது. நாகமாகவும், பெண்தலை கொண்ட நாகமாகவும், நாகத்தலை கொண்ட பெண்ணாகவும் அவள் சித்திரிக்கப்பட்டாள்.

வழிபட்டோர்

அரச கல்லறைகளைக் குடைந்து ஓவியந்தீட்டிய கைவினைஞர்கள் தெய்ர் எல்-மெதினா என்னும் சிற்றூரில் வாழ்ந்தனர். பாம்பும் தேளும் உலவும் மலைச்சரிவுகளே அவர்தம் பணியிடம். இரண்டாம் ராம்செஸின் 40ஆம் ஆட்சியாண்டில் சுண்ணாம்புக்கல்லில் எழுதப்பட்ட வருகைப்பதிவு, பணிக்கு வாராமைக்குரிய காரணங்களுள் தேள்கடியையும் குறிக்கிறது. இத்தகைய சூழலில், தீங்கு செய்யவல்ல உயிரின் வடிவிலேயே காக்கும் தெய்வம் கருதப்பட்டமை இயல்பே. ஊரிலிருந்து அரசியர் பள்ளத்தாக்கிற்குச் செல்லும் வழியில் ப்தா என்னும் கடவுளுக்கும் இவளுக்கும் பாறைக்கோயில்கள் அமைக்கப்பட்டன.

நெஃபெராபுவின் கற்பலகை

இவ்வூர்க் கைவினைஞரான நெஃபெராபு இத்தெய்வத்திற்கு அளித்த கற்பலகை இன்று இத்தாலியின் துரின் அருங்காட்சியகத்தில் உள்ளது. நன்மை தீமை அறியாது முகட்டிற்கு எதிராகப் பிழை செய்ததாகவும், அதனால் மூச்சுக்குத் திணறி, பிரசவ வேதனையுறும் பெண்ணைப்போல் துன்புற்றதாகவும் அவர் அதில் அறிக்கையிடுகிறார். பின்னர்த் தாம் வேண்டியபோது தெய்வம் இனிய தென்றலாக வந்து நோயை மறக்கச் செய்ததாகவும் கூறுகிறார். அம்முகட்டில் சிங்கம் உறைகிறது என்று பிறரையும் எச்சரிக்கிறார்.

மன்னரோ பூசகரோ இடைநின்றதாக இக்கற்பலகை கூறவில்லை. பிழை செய்தவரும் தெய்வமும் நேருக்குநேர் நிற்கின்றனர். தனிமனிதப் பக்தியின் இவ்வெளிப்பாட்டை அரச வெற்றிக் கல்வெட்டுகளில் காண்பது அரிது.

முடிவுரை

கி.மு. 11ஆம் நூற்றாண்டில், 20ஆம் அரசமரபு முடிவுற்ற காலத்தில், கைவினைஞர்கள் அவ்வூரை விட்டு அகன்றனர். அதன்பின் மெரெட்செகர் வழிபாடும் மங்கியது. நாடெங்கும் போற்றப்பட்ட வாஜெட் அரசமரபுகள் மாறியபோதும் நிலைத்தாள். ஒரு மலையையும் ஓர் ஊரையும் சார்ந்திருந்த மெரெட்செகர் அவ்வூர் மக்களோடு மறைந்தாள். எனினும், எளிய மனிதர் தம் நோயையும் குற்றவுணர்வையும் தெய்வத்தின்முன் வைத்த முறையை அறிய அவளுக்கு அளிக்கப்பட்ட கற்பலகைகளே இன்று சான்றாகின்றன.