எட்டுப் பேர் படகுக்கு ஆள் எடுப்பது எப்படி?

ஓட்டப் பந்தயத்துக்கு நாட்டு அணி எடுப்பது எளிது. ஓடவிட்டு, முன்னால் வந்த மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடலாம். எட்டுப் பேர் சேர்ந்து வலிக்கும் துடுப்புப் படகுக்கு அந்த வழி செல்லாது. எல்லோரும் ஒரே படகில் இருக்கிறார்கள். முடிவுக்கோட்டையும் ஒன்றாகத்தான் தாண்டுகிறார்கள். இதில் இழுத்தவர் யார், இழுபட்டுப் போனவர் யார்?

முதலில் படகைப் பார்த்துவிடலாம். நீளம் சுமார் 17 மீட்டர். அகலமோ ஒரு ஆள் இடுப்பை நுழைக்கும் அளவுதான். எட்டுப் பேரும் போகும் திசைக்கு முதுகு காட்டி, சக்கரம் வைத்த நகரும் இருக்கையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு துடுப்பு. நான்கு இடப்பக்கம், நான்கு வலப்பக்கம். ஒன்பதாவதாக முன்னே பார்த்து உட்காரும் சிறிய உருவம் காக்ஸ். சுக்கானும் தாளமும் அவர் பொறுப்பு. 2000 மீட்டரை உலகத் தரமான அணி ஐந்தரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். (நம் கடற்கரையில் இதைத் தண்டு வலிப்பது என்பார்கள். பந்தயமும் நமக்குப் புதிதல்ல: அடையாற்றங்கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867 முதல் இருக்கிறது; கொழும்போடு அது 1898 முதல் மோதி வருகிறது.)

ஒருவர் துடுப்பு ஒரு இம்மி தாமதமாகத் தண்ணீரைத் தொட்டாலும் படகு ஒரு பக்கம் சாயும். சாய்ந்தால் மற்ற ஏழு பேரின் வேகமும் குறையும். ஆள் எடுப்பதில் உள்ள சிக்கலெல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்கர்கள் நெடுங்காலம் இந்தச் சிக்கலுக்குள் போகவே இல்லை. கல்லூரிப் படகுகளையும் கிளப் படகுகளையும் மோதவிட்டு, வென்ற படகை அப்படியே ஒலிம்பிக்ஸுக்கு அனுப்பினார்கள். 1936இல் பிரின்ஸ்டன் ஏரியில் வென்ற வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள், பெரும்பாலும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள், பெர்லினில் இத்தாலியையும் ஜெர்மனியையும் முந்தித் தங்கம் வாங்கினார்கள். 1920 முதல் 1956 வரை நடந்த எல்லா ஒலிம்பிக்ஸிலும் இந்தப் போட்டியின் தங்கம் அமெரிக்காவுக்கே. இந்த முறையில் பாரபட்சம் என்று யாரும் வாய் திறக்க முடியாது. ஆனால் மோசமான கிளப்பில் மாட்டிக்கொண்ட நல்ல ஆள் வீட்டிலேயே உட்கார வேண்டியதுதான்.

1960இல் ரோமில் அமெரிக்காவின் அந்த வெற்றி ஓட்டம் நின்றது. கார்ல் அடாம் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியர் ராட்ஸபுர்க், கீல் என்ற இரண்டு ஊர்க்காரர்களைக் கலந்து ஒரு படகு கட்டியிருந்தார். அவர் குத்துச்சண்டை ஆடியவர். படகு வலித்து வளர்ந்தவர் அல்ல. தங்கம் அவர் அணிக்குப் போனது, அமெரிக்கப் படகு ஐந்தாவதாக வந்தது. 1972இல் அமெரிக்காவும் நாடு முழுவதிலிருந்தும் ஆட்களை முகாமுக்கு அழைத்துப் பொறுக்கத் தொடங்கியது. அந்த ஆண்டு மியூனிக்கில் வெள்ளி கிடைத்தது, தங்கம் நியூசிலாந்துக்கு.

முகாமில் ஒருவரை எப்படி எடைபோடுவது? முதல் கருவி எர்கோமீட்டர், சுருக்கமாக எர்க். சங்கிலியை இழுத்தால் விசிறிச் சக்கரம் காற்றைக் கிழித்துச் சுழலும். இழுப்புகளுக்கு இடையில் சக்கரம் எவ்வளவு மெதுவாகிறது என்பதிலிருந்து கணினி கணக்குப் போட்டு, 500 மீட்டருக்கு எத்தனை நொடி என்று காட்டும். பொய் சொல்லாத கருவிதான். ஆனால் மூச்சையும் தசையையும் மட்டுமே அது அளக்கும். 'எர்க் மிதக்காது' என்று துடுப்புக்காரர்கள் கிண்டல் செய்வது இதனால்தான்.

எனவே தண்ணீரில் ஒரு சோதனை வேண்டும். அதற்குப் பெயர் சீட் ரேசிங். நால்வர் படகு இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். நிமிடத்துக்கு இத்தனை வீச்சுதான் என்ற கட்டுப்பாட்டோடு சுமார் ஆயிரம் மீட்டர் ஓடவிடுகிறார்கள். கண்ணன் இருக்கும் படகு 2 நொடியில் வெல்கிறது என்று வைத்துக்கொள்வோம். படகுகள் நடுத்தண்ணீரில் உரசிக்கொண்டு நிற்கின்றன. துடுப்பைப் பிடித்துப் படகை அசையாமல் வைத்துக்கொள்கிறார்கள். கண்ணனும் அடுத்த படகின் மணியும் குனிந்து, காலை ஆழம் பார்த்து வைத்து, இடம் மாறிக்கொள்கிறார்கள். அதே தூரம், இன்னொரு ஓட்டம். இப்போது மணி ஏறிய படகு 1 நொடியில் தோற்கிறது. மொத்த மாற்றம் 3 நொடி. மற்ற ஆறு பேர் நகரவே இல்லை. இந்த மாற்றத்துக்குக் காரணம் இடம் மாறிய இருவர்தான். ஒரு படகு கண்ணனை இழந்தது, மறு படகு அவனைப் பெற்றது. ஒரே வித்தியாசம் இரண்டு முறை கணக்கில் ஏறுகிறது. பாதியாக்கினால் மணியைவிடக் கண்ணன் ஒன்றரை நொடி மேல்.

கணக்கு அழகு, நடைமுறை அவ்வளவு அழகில்லை. இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் காற்று திரும்பலாம். ஆறாவது ஓட்டத்தில் எல்லோர் கையும் ஓய்ந்திருக்கும். எல்லாவற்றையும்விட அந்த மற்ற ஆறு பேர்! பிடிக்காத ஒருவன் ஏறும்போது துடுப்பை ஒரு மயிரிழை தளர்த்தினால் போதும். அதனால்தான் விவரமான பயிற்சியாளர் யாரைச் சோதிக்கிறோம் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார். தேவையே இல்லாத இருவரையும் இடம் மாற்றிக் குழப்புவார்.

இவ்வளவும் செய்தும் சறுக்கலாம். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிப் படகின் கதையை ஹார்வர்ட் வணிகப் பள்ளி பாடமாகவே வைத்திருக்கிறது. தனித்தனி அளவீட்டில் தேறிய எட்டுப் பேரை முதல் படகிலும், அடுத்த எட்டுப் பேரை இரண்டாவதிலும் ஏற்றினார் பயிற்சியாளர். இரண்டாவது முதலாவதைத் திரும்பத் திரும்பத் தோற்கடித்தது.

என் கட்சி இது: எர்க்கை வடிகட்டவும், சீட் ரேசிங்கைச் சந்தேகம் தீர்க்கவும் வைத்துக்கொள்ளலாம், கடைசி முடிவை முழுப் படகாக ஓட்டிப் பார்த்தே எடுக்க வேண்டும். இன்னொன்று. சம்பளமில்லாத விளையாட்டில் மாதக்கணக்கில் முகாம் என்றால், வேலையும் குடும்பமும் உள்ளவர் தானாகவே கழன்றுகொள்வார். தேர்வாளர் தொடுவதற்கு முன்பே பட்டியல் பாதி சுருங்கிவிடும்.

1964இல் அமெரிக்காவில் முகாம் வரவில்லை, இன்னும் படகுகளை மோதவிடும் பழைய முறைதான். ஃபிலடெல்ஃபியாவின் வெஸ்பர் கிளப்பிலிருந்து, கல்லூரி வயதைத் தாண்டியவர்களும் வலித்த ஒரு படகு கல்லூரிப் பையன்களைத் தோற்கடித்து டோக்கியோ போனது. காக்ஸ், ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறிய ராபர்ட் ஜிமோனி; வயது 46. காற்றால் பந்தயம் தள்ளிப்போய் இருட்டிவிட, வெளிச்சத்துக்காக வானவெடி விட்டார்கள். அந்த வெளிச்சத்தில் வெஸ்பர் படகு முதலில் வந்தது. கார்ல் அடாமின் ராட்ஸபுர்க் ஜெர்மானியர்கள் இரண்டாவது.