மூன்று கிரிவலம் ஓடிய மனிதர்

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் கிரிவலம் வந்திருக்கிறீர்களா, சகோதரிகளே? 14 கிலோமீட்டர். ஈசான்ய லிங்கத்தை நெருங்கும்போது, நம் கால்கள் நம்முடையவைதாமா என்றே சந்தேகம் வந்துவிடும். அந்தக் களைப்பை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1907-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்த மாரத்தான் ஓட்டத்தின் தூரம் சுமார் 39 கிலோமீட்டர். மூன்று கிரிவலத்துக்குச் சற்றுக் குறைவு. அதை 2 மணி 24 நிமிஷத்தில் ஓடி முடித்தார் ஓர் இளைஞர். முந்தைய சாதனையைவிடச் சுமார் 5 நிமிஷம் குறைவு! டாம் லாங்போட் என்று பெயர். கனடாவின் பூர்வகுடிகளில் ஒனொண்டாகா இனத்தவர்.

ஒரு நாள் மூச்சிரைக்க ஓடுவார். மறுநாள் வெறுமே நெடுந்தூரம் நடப்பார். இதுதான் அவருடைய பயிற்சி. பத்திரிகைக்காரர்கள் அவரைச் சோம்பேறி என்று எழுதினார்கள். (எங்கள் கூட்டத்தைப் பற்றி நானே சொல்லக்கூடாதுதான்.) இன்றைய ஓட்டக்காரர்களோ கடும்பயிற்சி ஒரு நாள், இலேசான பயிற்சி ஒரு நாள் என்று அதையேதான் செய்கிறார்கள்.

முதல் உலக யுத்தத்தின்போது பிரான்ஸில் படைகளுக்கிடையே செய்தி கொண்டு ஓடினார். அவர் இறந்துவிட்டதாகத் தவறான தகவல் ஊருக்கு வந்தது. அதை நம்பிய மனைவி வேறொருவரை மணந்துகொண்டாள். தொடர்கதை எழுதுகிறவர்கள்கூட இப்படி ஒரு திருப்பம் வைக்கத் தயங்குவார்கள்! பிற்காலத்தில் டொரண்டோ நகரில் தெருக்கூட்டும் வேலை பார்த்தார். 1949-இல் காலமானார்.

இரண்டே வருஷத்தில், 1951-இல், பூர்வகுடி விளையாட்டு வீரர்களுக்கென்று அவர் பெயரில் விருது ஏற்பட்டது. சந்தோஷம்தான். ஆனால், ஏற்படுத்தியவர்கள் யார் தெரியுமா? பூர்வகுடிக் குழந்தைகளைத் தாய்மொழி மறக்கும்படி விடுதிப் பள்ளிகளில் அடைத்துவைத்த அதே அரசாங்க இலாகாவும் அதில் கூட்டு! அப்படிப்பட்ட பள்ளி ஒன்றிலிருந்து சிறுவயதில் தப்பி ஓடியவர்தான் லாங்போட். 1990-களின் கடைசியில்தான், பூர்வகுடிகளே நடத்தும் அமைப்பின் கைக்கு அந்த விருது வந்து சேர்ந்தது.

நம் தேசத்தில் 1961 முதல் அர்ஜுனா விருது வழங்குகிறார்கள். அர்ஜுனன் என்றதும் எனக்கு ஏகலைவன் ஞாபகம் வந்துவிடுகிறது. வேடர் குலத்துப் பிள்ளை. வில்வித்தையில் அர்ஜுனனை மிஞ்சிவிடுவானோ என்று கட்டைவிரலைத் தட்சிணையாகக் கேட்டார்களே! 1991-இல் அந்த அர்ஜுனன் பெயரால் விருது பெற்றவர்களில் ஒருவர் லிம்பா ராம். ராஜஸ்தானத்துப் பழங்குடி வில்லாளி. கட்டைவிரல் பத்திரமாக இருந்தது!

2012-இல் அதே விருதைப் பெற்ற கவிதா ராவுத், மகாராஷ்டிரத்தில் நாசிக் பக்கத்துப் பழங்குடிப் பெண். பிறந்தது சாவர்பாடா என்ற சிற்றூர். 'சாவர்பாடா எக்ஸ்பிரஸ்' என்றே அவருக்குச் செல்லப் பெயர். 2010-இல் டில்லி காமன்வெல்த் போட்டியில் 10,000 மீட்டர் ஓடி வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டிகளின் தடகள ஓட்டத்தில் இந்தியப் பெண் ஒருத்தி தனியாக ஓடி வாங்கிய முதல் பதக்கம் அதுதான்.

திருவண்ணாமலை மாவட்டத்திலேயே ஜவ்வாது மலை இருக்கிறது. அங்கே வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். தமிழ் பேசும் மலைவாசிகள். மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கிப் பழகிய கால்கள் அங்குள்ள பெண் குழந்தைகளுக்கு. உங்கள் வீட்டில் டிரில் மாஸ்டர் யாராவது இருந்தால், அடுத்த விடுமுறைக்கு ஒரு ஸ்டாப் வாட்சை எடுத்துக்கொண்டு ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் ஏறச் சொல்லுங்களேன்.