மோட்டார் சைக்கிள் பராமரிப்பு: வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய வழிகள்

மலேசியாவில் தொழிற்சாலை வேலைக்குச் செல்பவருக்கும், விடியற்காலையில் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு விரைபவருக்கும் 'கப்சாய்' மோட்டார் சைக்கிளே கைகொடுக்கிறது. நாட்டின் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆகவே, பராமரிப்பு என்பது பணத்தை மிச்சப்படுத்தும் விஷயம் மட்டுமல்ல. பத்திரமாக வீடு திரும்பும் விஷயமும்கூட.

வீட்டில் சிறு வேலைகளைச் செய்ய முயலும் பலர் முதல் திருகாணியிலேயே சோர்ந்து விடுகின்றனர். ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களின் கூட்டல் குறித் திருகாணிகள் பெரும்பாலும் 'ஜே.ஐ.எஸ்.' எனும் ஜப்பானியத் தர அளவில் செய்யப்பட்டவை. சாதாரண 'பிலிப்ஸ்' திருப்புளி அதில் முழுமையாகப் பொருந்தாது. வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். ஜே.ஐ.எஸ். முனையுள்ள திருப்புளி ஒன்றை வாங்கி வைத்தால் பாதித் தொல்லை தீரும். இறுகிய திருகாணிக்கு, துரு நீக்கும் எண்ணெய் தெளித்துச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும்.

கழற்றுவது எளிது, மீண்டும் பொருத்துவதில்தான் தவறு நேர்கிறது. இயந்திர மூடியின் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளமல்ல. நீளமானதைக் குட்டையானதின் துளையில் முறுக்கினால் மூடி இறுகாது. உறையும் விரிசல் காணலாம். இதைத் தவிர்க்க, ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்திலேயே குத்தி வைக்கலாம். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வதும் நல்லது.

பொருத்தும்போது போல்ட்டை முதலில் எதிர்த்திசையில் மெல்லத் திருப்ப வேண்டும். 'டக்' என்று மரை உட்காருவதை விரல் உணரும். அதன் பிறகு கையாலேயே சில சுற்றுகள் முறுக்கிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். எண்ணெய் வடிக்கும் போல்ட்டுக்கு இது மிக முக்கியம். இயந்திர உறை அலுமினியத்தால் ஆனது. மரை அறுந்தால் செலவு பல மடங்காகும். அதன் வாஷரையும் புதிதாக மாற்றிவிட வேண்டும்.

அடுத்தது சங்கிலி. இயந்திரத்தை அணைத்து, நடுத்தாங்கியில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்த பிறகே கை வைக்க வேண்டும். ஓடும் சங்கிலியில் துணியால் துடைத்து விரலை இழந்தவர்கள் உண்டு. பின்சக்கரத்தைக் கையால் சுழற்றி, கீழ்ச் சங்கிலியின் நடுப்பகுதியைப் பல இடங்களில் ஆட்டிப் பார்க்க வேண்டும். பல கப்சாய்களில் இந்தத் தளர்வு 3 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். சரியான அளவைக் கையேடு சொல்லும். அதிகம் தளர்ந்தால் சங்கிலி கழன்று சக்கரத்தை இறுக்கிவிடலாம். அதிகம் இறுகினால் பேரிங்குகள் தேயும். இருபக்க அடையாளக் கோடுகளும் சமமாக இருந்தால்தான் சக்கரம் நேராக நிற்கும்.

இங்கே பலர் மறக்கும் ஒன்று உண்டு. சங்கிலியை இறுக்கச் சக்கரத்தைப் பின்னே நகர்த்தினால், டிரம் பிரேக்கின் கம்பியும் இழுபடும். பிரேக் சக்கரத்தை உரசியபடியே இருக்கலாம். ஆகவே, அச்சு நட்டை இறுக்கியதும் பிரேக் மிதியின் தளர்வைச் சரிசெய்து, சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக்கை அழுத்தும்போது அதன் அம்பு எல்லைக் குறியைத் தொட்டால், பிரேக் கட்டையை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

மலேசியச் சட்டப்படி பழைய எண்ணெய் 'எஸ்.டபிள்யூ. 305' எனும் பட்டியலிடப்பட்ட கழிவு. அதைக் கால்வாயில் ஊற்றாமல், கலனில் அடைத்து, பழைய எண்ணெயைச் சேகரிக்கும் பட்டறையில் கொடுப்பதே முறை.

எல்லா வேலையையும் வீட்டில் செய்ய வேண்டும் என்பதில்லை. டிஸ்க் பிரேக்கின் உள்பாகம், இயந்திரத்தின் உள்பாகம் ஆகியவற்றைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம். ஆனால், வாரம் பத்து நிமிடம் சங்கிலி, பிரேக், டயர், எண்ணெய் ஆகிய நான்கையும் பார்ப்பவர், நடுவழியில் வரக்கூடிய ஆபத்தை வீட்டு வாசலிலேயே கண்டுகொள்வார்.