தாய், மகள், தோழமை: ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலும் திரைப்படமும்

நாவலொன்று திரைப்படமாகும்போது எழும் பிணக்குகள் பெரும்பாலும் எழுத்தாளருக்கும் நெறியாளருக்கும் இடைப்பட்டவை. ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ இதற்கு விலக்கானது. 1970இல் நூலாகி, 1972ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமிப் பரிசைப் பெற்ற இந்நாவல், ஏ. பீம்சிங்கின் நெறியாள்கையில் 1977இல் திரைக்கு வந்தபோது அதன் திரைக்கதையை ஜெயகாந்தனே எழுதினார். ஆகவே, இரண்டுக்குமிடையிலான வேறுபாடுகளை ஊடகத்தின் இயல்பிலேயே தேடவேண்டியுள்ளது.

நாவலின் மூலவித்து 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையாகும். மழைநாளொன்றில் காரில் ஏற்றிச் செல்லப்பட்டுக் கெடுக்கப்பட்ட மாணவியைத் தாய் தலையில் நீரூற்றித் தூய்மையாக்கி, நடந்ததை எவருமறியாது மறைக்கிறாள். இம்முடிவு பெருங் கண்டனத்துக்குள்ளாயிற்று. அத்தாய் வாய்விட்டு அலறியிருந்தால் யாது நேர்ந்திருக்கும் என்ற எதிர்வினாவே, தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்ற தலைப்பிற் தொடராகி, பின்னர் இந்நாவலாயிற்று. சிறுகதை தாயின் கதை. நாவல் மகளின் கதை.

நாவலில் வரும் தாய் கனகம் கொடியவளல்லள். மூத்த மகன் கணேசனின் கையை எதிர்பார்த்து வாழும் விதவை அவள். அவளது அலறல் ஊரறிந்த பழியாகி, தமையன் கங்காவை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். பின்னர் கங்கா படித்து உத்தியோகம் பெற்றதும், அதே தாய் மகளின் சம்பளத்தை அண்டி வாழ்கிறாள். ஒழுக்கப் பிரச்சினையாகத் தோன்றும் ஒன்றின் பொருளியல் அடித்தளம் இங்கு தெளிவாகின்றது.

ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டங்களிலிருந்து இந்நாவலை வாசிப்போருக்கு இவ்விடம் வேறொரு கோணத்திற் புலப்படும். லயத்து அறைகளின் இடைச்சுவர் இரகசியம் காப்பதில்லை. ‘அக்கினிப் பிரவேச’த் தாயின் மௌனம் அங்கே எளிதிற் கைகூடாது. தாயும் மகளும் ஒரே மலையிற் கொழுந்தெடுப்பவர்கள்; கனகத்தைப் போன்று உழைப்பற்ற சார்புநிலை அங்கில்லை. ஆயினும், ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் 1984இலேயே பெண்ணுக்குக் கிட்டியது. அச்சம்பளத்தையும் தகப்பனோ கணவனோ பெற்றுக்கொள்ளும் வழக்கம் பல தோட்டங்களில் நிலவியது. கனகத்தின் அச்சத்தை மத்தியதரப் பிராமணக் குடும்பத்துக்கே உரியதெனத் தள்ளிவிடுவதற்கில்லை.

நாவலின் பெரும்பகுதி கங்காவின் கூற்றாகவே அமைந்தது. தாயை வெறுத்துக்கொண்டே அவளுக்காக இரங்குவதும், மாமா வெங்குவின் ஆதரவுக்குள் மறைந்திருக்கும் இச்சையை அறிந்தும் அவர் நிழலிற் கல்வி கற்க நேர்ந்ததை எண்ணிக் குமைவதும் அக்கூற்றினாலேயே நமக்குக் கிட்டுகின்றன. இதைப் படக்கருவி முழுவதும் தாங்கவியலாது. அது கங்காவை வெளியே நின்று காண்கின்றது. இக்குறையை லட்சுமியின் நடிப்பு பெருமளவு ஈடுசெய்தது. சிறந்த நடிகைக்கான இந்திய தேசிய விருது அவருக்குக் கிடைத்தமை தகும். கனகத்தை அவ்வாறு காப்பாற்ற எவருமிலர். நாவலில் மகளின் நினைவெங்கும் பரவிநிற்கும் தாய், படத்தில் தான் தோன்றும் காட்சிகளளவில் ஒடுங்கிவிடுகிறாள். இதனையே படத்தின் பேரிழப்பாகக் கருதுகிறேன்.

தோழமையின் நிலையும் ஏறத்தாழ இதுவே. தன்னைக் கெடுத்தவனான பிரபுவைக் கங்கா தேடிக் கண்டடைகிறாள். பழிக்கும் காதலுக்கும் அப்பாற்பட்டதோர் உறவு உருவாகின்றது. திரையில் ஸ்ரீகாந்தும் லட்சுமியும் எதிரெதிரே அமர்ந்த மாத்திரத்தே, பார்வையாளரின் பழகிய கண் அதைக் காதலாகவே வாசிக்கத் தலைப்படுகின்றது. அரைநூற்றாண்டுக் காதற் படங்கள் பழக்கிய கண்ணல்லவா! நாவலோ இவ்வுறவுக்குப் பெயரிடத் தயங்குகின்றது. அத்தயக்கமே அதன் வலிமை.

விமர்சகர் பலர் பிரபுவோடு நின்றுவிட, அவனுடைய மகள் மஞ்சுவை நான் முக்கியமாகக் கருதுவேன். கங்கா கெடுக்கப்பட்டபோதிருந்த அதே பருவத்தில் நிற்கும் கல்லூரிப் பெண் அவள். அவளுடன் கங்கா கொள்ளும் நட்பில் தோழியின் நெருக்கமும் தாயின் எச்சரிக்கையும் கலந்துள்ளன. கனகம் தனக்குத் தரத் தவறியதைக் கங்கா, தன்னைக் கெடுத்தவனின் மகளுக்குத் தருகிறாள். நாவலில் இது மெல்லப் படிந்து வளர்வது. படத்திலோ, கங்காவும் பிரபுவும் பேசும் காட்சிகளுக்கிடையே மஞ்சு வந்துபோகும் சிறுபாத்திரமாகவே மனத்தில் தங்குகிறாள்.