வேலி அடைத்தால் காணி பிரிந்துவிடுமா?

எமது தீவுப்பகுதிகளில் தாய் தகப்பனின் காணியைப் பிள்ளைகள் வாய்ச்சொல்லால் பிரித்து, கிடுகு வேலியோ நெடுந்தீவில் கல்வேலியோ அடைத்து ஆளும் வழக்கம் உண்டு. உறுதியில் ‘பிரிபடாத நாலில் ஒரு பங்கு’ என்றே இருக்கும். எல்லோரும் ஊரில் இருந்த காலத்தில் இது குறையாகத் தெரியவில்லை. 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வுக்குப் பின், ஒருவர் கனடாவிலும் ஒருவர் வவுனியாவிலும் என்றான குடும்பங்களிலேயே சிக்கல் முற்றியது.

“முப்பது வருடமாக நானே ஆளுகிறேன், காணி எனக்குத்தானே?” என்று கேட்பவர்கள் உளர். அப்படியன்று. ஒரு பங்காளியின் ஆட்சி ஏனைய பங்காளிகளின் ஆட்சியுமாகும் என்று 1911இல் கொறயா எதிர் இசெரிஸ் அப்புகாமி வழக்கில் பிரிவிக் கவுன்சில் தீர்த்தது. மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து 10 ஆண்டுகள் ஆண்டதாக நிரூபிக்க வேண்டும். அது இலேசான காரியமல்ல.

எல்லோரும் உடன்பட்டால் வழி சுலபம். முதலில் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்து, யார் யாருக்கு எத்தனை பங்கு என்று நிச்சயிக்க வேண்டும். பின்னர் அனுமதி பெற்ற நில அளவையாளர் துண்டுகளை வரைபடத்தில் காட்டுவார். நொத்தாரிசு முன்னிலையில் பங்காளிகள் யாவரும் ஒப்பமிட்டு, உறுதியைப் பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டிலுள்ளவர் அற்றோணித் தத்துவம் அனுப்பலாம். காணியைப் பிரிக்கும் அதிகாரம் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்கட்டும். பிரதேச சபையின் அங்கீகாரம் தேவையா என்பதையும் முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

எட்டுப் பரப்பை நால்வர் பிரித்தால் ஆளுக்கு இரண்டு பரப்பு, அதாவது 20 பேர்ச் என்பது வெறும் கணக்கு. பாதைக்கு நிலம் விட்டால் அதுவும் குறையும். கிணறோ ஒன்றுதான். தீவுகளில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகவே நிற்கிறது. நாலு துண்டிலும் நாலு கிணறு வெட்டினால் நல்ல தண்ணீர் கிடைக்குமென்பதற்கு உத்தரவாதமில்லை. ஆகவே கிணற்றுப் பங்கு, தண்ணீர் அள்ளப் போகும் வழி, துலா நிற்கும் இடம் ஆகியவற்றைப் பொதுவில் விட்டு உறுதியிலே எழுதுவிக்க வேண்டும். இவற்றை விட்டுவிட்டுப் பிரித்த காணிகளில்தான் சண்டை மூளுகிறது. எல்லைப் பனைகளையும் எண்ணிக் கொள்ளுங்கள்.

ஒருவர் மறுத்தால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப் பிரிவினைச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றில் வழக்கிடலாம். செலவும் காலமும் மிக அதிகம். பிரிக்க முடியாதளவு சிறிய காணியை விற்றுப் பணத்தைப் பங்கிடவும் மன்று கட்டளையிடலாம்.

துண்டுகளை ஒன்றாக்க விரும்பின் அவை அடுத்தடுத்து இருக்க வேண்டும். சொந்தக்காரரும் ஒருவராக இருக்க வேண்டும். வேறு வேறு ஆட்களாயின் முதலில் காணிக்குக் காணி மாற்றி உறுதி முடித்து, அதன் பின்னரே ஒரே வரைபடத்தில் இணைக்கலாம். அண்ணனுடைய பங்கை வாங்கிச் சேர்ப்பதும் நல்ல வழி. தேசவழமைப்படி பிரிபடாத பங்கை அந்நியருக்கு விற்குமுன் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அவர்களுக்கு முதலில் வாங்கும் உரிமையைத் தருகிறது.