படத்துக்கும் உரிமைக்காரி உண்டு!

கும்பகோணத்தில் என் தந்தை ஆரம்பித்த போட்டோ ஸ்டுடியோவை இப்போது நான் நடத்தி வருகிறேன். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, பாஸ்போர்ட் படம் – இவைதான் பிழைப்பு. இன்று வாசலில் கோலம் போட்டாலும், கொழுக்கட்டை செய்தாலும், நாம் உடனே போனில் படம் எடுத்து ஊருக்கே காட்டுகிறோம். அப்படிப் படம் போடும் இடங்களில் பல வருடங்களாகப் பழகியவள் என்ற முறையில், என் அனுபவத்தை எழுதுகிறேன்.

2004-ல் கனடாவில் தொடங்கப்பட்ட 'ஃபிளிக்கர்' என்ற இணையதளத்தில், 2007-ல் சேர்ந்தேன். வீட்டு வேலையெல்லாம் முடித்து, ராத்திரி கம்ப்யூட்டர் முன் உட்காருவேன். "ஏம்மா, தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு உக்கார்றியே, இதுல காசு ஏதாவது வருதா?" என்பார் மாமியார்.

காசு வரவில்லை, பாடம் வந்தது. தாராசுரம் கோயிலின் கல் தேர்ச் சக்கரத்தைப் படமெடுத்துப் போட்டிருந்தேன். முன்பின் பார்த்திராத ஒரு வெளிநாட்டுப் பெண்மணி, "உச்சி வெயிலில் சிற்பம் தட்டையாகத் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எடுத்துப் பாருங்கள்" என்று எழுதினார். மறுநாள் கோயில் நடை திறந்ததும் போய் நின்றேன். செதுக்கிய கோடு ஒவ்வொன்றிலும் நிழல் விழுந்து, சக்கரம் உருண்டு வருவது போலவே இருந்தது! ஸ்டுடியோ விளக்கிலேயே பழகிய எனக்கு, அது புது வெளிச்சம்.

நெதர்லாந்தில் 2010-ல் தொடங்கி, 2012-ல் இந்தியாவுக்கும் வந்த 'விக்கி லவ்ஸ் மான்யுமென்ட்ஸ்' என்ற புராதனச் சின்னங்களுக்கான படப் போட்டிக்கும் கோயில் படங்கள் கொடுத்தேன். அங்கே போடும் படத்தை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், வியாபாரத்துக்குக்கூட எடுத்துக்கொள்ளலாம். ஆனால், நான் தேர்ந்தெடுத்த உரிமத்தின்படி, எடுத்தவர் பெயரைப் போட்டாக வேண்டும். இலவசம் என்பது வேறு. அநாதை என்பது வேறு, இல்லையா?

ஒரு தை மாதம், கடை ஒன்றின் காலண்டரில் என் சக்கரம் இருந்தது. என் பெயரோ எங்குமே இல்லை. போய்க் கேட்டதற்கு, "நெட்ல கிடந்துச்சு மேடம், யார் வேணா எடுத்துக்கலாம்ல?" என்றார் கடைக்காரர். "விட்டுத் தள்ளு, ஊருக்குள்ள எதுக்குப் பொல்லாப்பு?" என்றார் என் கணவர். எனக்கு மனசு கேட்கவில்லை. மூலப் படத்தையும், அன்று அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் எடுத்துப்போய்க் காட்டினேன். அவை எடுத்தவரிடம் மட்டும்தானே இருக்க முடியும்? கடைக்காரர் மேற்கொண்டு பேசவில்லை. மறுவருடக் காலண்டரில், ஓரத்தில் பொடி எழுத்தில் என் பெயர் இருந்தது. அதைக் கூடத்தில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் விரல் வைத்துக் காட்டியவர் என் மாமியார்தான்!

1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை எடுத்தவர்தான் அதன் படைப்பாளி. இதற்காக எங்கும் போய்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை. அதே சட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பணம் வாங்கிக்கொண்டு எடுக்கும் கல்யாணப் படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொல்லிப் பணம் தந்தவர்தான் உரிமையாளர்.

சட்டத்தை விடப் பெரியது அந்தப் பெண்ணின் மனசு. ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் அம்மா, "தாராளமா நெட்ல போடும்மா, நாலு பேர் பார்க்கட்டும்" என்றார். ஆனாலும் பெண்ணைத் தனியே கேட்டேன். "வேண்டாங்க்கா. ஒருத்தன் ரொம்ப நாளா தொந்தரவு பண்றான். நான் எந்த ஊருக்குப் போறேன்னு அவனுக்குத் தெரிய வேண்டாம்" என்றாள், கண் கலங்க. அந்தப் படங்கள் ஆல்பத்தோடு நின்றன. அவற்றுக்கு எத்தனை 'லைக்' வந்திருந்தாலும், அவள் நிம்மதிக்கு ஈடாகுமா?

சகோதரிகளே! நீங்கள் எடுத்த படங்களின் மூலப் பிரதியை அழிக்காமல், இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். போன் கேமராவில் 'லொகேஷன்' வசதி இயங்கினால், எடுத்த இடமும் படத்துக்குள்ளேயே பதிவாகிவிடும். வீட்டில் குழந்தைகளைப் படமெடுக்கும்போது அதை அணைத்து வையுங்கள். பக்கத்து வீட்டு மாமி போட்ட கோலமானாலும், அவரைக் கேட்டு, அவர் பெயரோடு போடுங்கள். ஒரு வார்த்தை கேட்பதால் நமக்கு எதுவும் குறைந்துவிடாது. கேட்கப்பட்டவருக்கோ, அது பெரிய மரியாதை.

– ஒரு வாசகி, கும்பகோணம்.